பன்னிரண்டு கிலோ ஜெனரேட்டர்

கொழும்பு வெள்ளவத்தையின் வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கவேண்டிய தீர்மானம் ஒன்று, புதன்கிழமை மத்தியானம், பருப்புக் கறிக்கும் பப்படத்துக்கும் நடுவே வெளியிடப்பட்டது. தாஸிம் தொண்டையைச் செருமினார். மின்சாரத்துக்காக இனி எவரையும் நம்பியிருப்பதில்லை என்றார். இந்த வீடு இன்று முதல் சொந்தக் காலில் நிற்கும் என்றார். சுருங்கச் சொன்னால், ஜெனரேட்டர் வாங்கப் போகிறார்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் மனைவி ஸீனத். "நாளைக்கே வாங்குங்க. சனிக்கிழம வலீமாக் கலியாண விருந்து ஓடருக்கு அறுநூறு ரோல்ஸ் ஃப்ரீசர்ல ஈக்கி. போன புயலுக்கு நானூறு பெட்டிஸக் குப்பைல கொட்டினத மறந்துடாதீங்க."

தாஸிம் மறக்கவில்லை. அவர் மனேஜராக இருந்த சரக்குக் கம்பனி மூடி இரண்டு வருடம். அன்றிலிருந்து வீட்டு வாடகையும் மகளின் டியூஷனும், ஸீனத் செய்து விற்கும் ரோல்ஸ், பெட்டிஸ் சிற்றுண்டிகள் கிடக்கும் அந்தப் பழைய ஃப்ரீசருக்குள்ளிருந்துதான் வருகின்றன. இது அவருக்குத் தெரியும். வாயால் சொன்னதுதான் கிடையாது. யாராவது கேட்டால், "வைஃப் சும்மா பொழுதுபோக்குக்குச் செய்றா" என்பார்.

மறுநாள் புறக்கோட்டைக் கடையில், முதலாளி ரிம்ஸான் எட்டு இயந்திரங்களைக் காட்டினார். ஒன்றில் கேவிஏ என்று எழுதியிருந்தது, இன்னொன்றில் வாட். ஒன்றில் இன்வெர்ட்டர் என்றிருந்தது, அதுவும் ஜெனரேட்டர்தானாம். அப்படியானால் எதிர்வீட்டில் பற்றரியோடு கிடக்கும் இன்வெர்ட்டர் என்ன? தாஸிம் எல்லாம் விளங்கியவர்போலத் தலையாட்டினார். முப்பது வருடம் மனேஜராக இருந்தவருக்கு இதையாவது செய்யத் தெரியாதா?

"ஓடுற வாட் வேற, ஸ்டார்ட் ஆகுற வாட் வேற, நானா," என்றார் ரிம்ஸான், அண்ணன் முறை வைத்து. "மோட்டார் உள்ள சாமான் எழும்பக்குள்ள நாலு மடங்கு இழுக்கும்."

"தெரியும், தெரியும்."

"அப்ப செல்லுங்க. என்னத்த ஓட்டப் போறீங்க?"

ரோல்ஸ் என்ற சொல் தாஸிமின் நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் டை கட்டிய ஒருவர், தன் ஹோட்டலுக்கு லொறியில் ஏற்றும் அளவில் ஒரு ஜெனரேட்டரை விலை பேசிக்கொண்டிருந்தார். நாக்கு பின்வாங்கியது.

"லைட், ஃபேன், டீவீ. பொறகு, நாங்க கேம்பிங் போற ஆக்கள். கித்துல்கல பக்கம்." நாலு வருடமாக வட்ஸ்அப்பில் மட்டும் போய்க்கொண்டிருக்கும் பயணம் அது.

ரிம்ஸானின் முகம் மலர்ந்தது. "அத மொதல்லயே செல்லியிருக்கலாமே!" சூட்கேஸ் மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். பன்னிரண்டு கிலோ. கைப்பிடி வேறு. தாஸிம் தூக்கிப் பார்த்தார், தூக்க முடிந்தது. அந்தக் கடையில் அவருக்கு ஐயமற விளங்கிய ஒரே விஷயம் அதுதான். வாங்கிவிட்டார்.

வெள்ளி காலை அடித்த காற்றில் மரம் முறிந்து கம்பியில் விழுந்தது. கரண்ட் ஞாயிற்றுக்கிழமைதான் வரும் என்றார்கள். தாஸிம் கம்பீரமாகப் பின்வளவுக்கு இறங்கினார். கயிற்றை ஓர் இழுப்பு இழுத்ததுமே ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. மகள் ருஷ்தா கைதட்டினாள். நீள வயரால் ஃப்ரீசரைப் பொருத்தினார். ஃப்ரீசர் ஒருதரம் உறுமியது. ஜெனரேட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஃப்ரீசர் அடங்கிவிட்டது. பிளக்கை மாற்றினார். பெட்ரோலை வழிய வழிய நிரப்பினார். சத்தமாக பிஸ்மில்லாஹ் சொல்லி இழுத்தார். உறுமல், சிவப்பு, அமைதி. ஐந்தாம் தரம், பெட்ரோல் கையோடு ஸ்பீக்கரில் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"ஃப்ரீசரா?" ரிம்ஸானின் குரல் வளவெல்லாம் கேட்டது. "அத நீங்க செல்லவே இல்லையே நானா! லைட், ஃபேன், கேம்பிங்னுதானே செல்லினீங்க?"

ஸீனத் வாசற்படியில் நின்றாள். "செல்லலயா?"

"பொதுவா செல்லினன்..."

"வாடக, புள்ளட டியூஷன், அறுநூறு ரோல்ஸ். இதுல எத செல்ல ஒங்களுக்கு வெக்கம்?"

தாஸிம் சிவப்பு விளக்கைப் பார்த்தார்.

அவள் அதற்குமேல் நிற்கவில்லை. காலி நகருக்குப் போகும் பெருவீதியில் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் ஐறீனுக்கு ஃபோன் எடுத்தாள். "அக்கா, ஒங்கட பெரிய ஜெனரேட்டர் ஓடுதா? ஃப்ரீசர்ல எடம் ஈக்கா?" ஓம், இருந்தது. ரோல்ஸ் பெட்டிகளோடு த்ரீவீலர் இரண்டு நடை போய்வந்தது. தாஸிம் ஒரு பெட்டியைத் தூக்க வந்தார்.

"வேணாம்," என்றாள் ஸீனத். "நீங்க ஜெனரேட்டரப் பாத்துக்கோங்க."

பார்த்துக்கொண்டார். நாலு மணிக்கு, அதில் செருகிய அவருடைய ஃபோன் நூறு வீதம் சார்ஜ் ஆனது.