மூன்றாம் ஓலை

கஞ்சிக் கலயத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒருத்தி கண்ணை மூடினால், ஒன்று அவளுக்குத் தூக்கம் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவள் சாப்பாட்டுக்கு முன்னால் செபம் சொல்கிற கிறிஸ்தவ வேதக்காரியாக இருக்க வேண்டும். போடி மெட்டுக்கு மேலே அந்த ஏலத்தோட்டத்துக்கு ஞானவடிவு வந்த புதிதில், காய் பறிக்கிற பெண்கள் அவளுக்குத் தூக்கம் என்றுதான் நினைத்தார்கள்.

"ஆத்தாடி, உக்காந்த வாக்குல ஒறங்குறா பாரு!" என்று மருதாயி சிரித்தாள்.

பெர்சியாள் மட்டும் சிரிக்கவில்லை. தன் கலயத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏட்டி, நீ எந்த ஊரு கோயிலு?" என்று கேட்டாள்.

தன் ஊர்ப் பேச்சான அந்த 'ஏட்டி'யைக் கேட்டதுமே ஞானவடிவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாயர்புரத்துப் பக்கத்துப் பெண் அவள். கட்டியவன் கொழும்புக்குக் கப்பலேறிப் போய் ஏழெட்டு வருஷம். ஒரு தகவல் கிடையாது. பேதியில் போய்விட்டான் என்று அங்கிருந்து திரும்பின ஒருவன் சொன்னதோடு சரி. மாமியார் வீட்டில் வேண்டாதவளாகி, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற ஒரு கங்காணி பின்னால் மலையேறி வந்திருந்தாள். குளிர், மழை, காலெல்லாம் அட்டை. சுற்றி இருந்தவர்கள் நல்ல சனங்கள்தான், இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதையே அங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை.

பெர்சியாள் கண்டுகொண்டவள். நாற்பதைத் தாண்டிய விதவை, அவளும் திருநெல்வேலிச் சீமைதான். அன்றைக்கே ஞானவடிவின் மூட்டையைத் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கப்புறம் தினமும் அடுப்புப் பற்றவைக்கும் முன்னால் இருவரும் செபத்துக்கு முழங்கால் போட்டார்கள். மனசுக்குள் முணுமுணுப்பதெல்லாம் பெர்சியாளுக்குப் பிடிக்காது. "வாயத் தொறந்து சொல்லுட்டி" என்பாள்.

அப்படி வாய் திறந்து சொன்னதில்தான் ஒரு நாள் அதுவும் வந்துவிட்டது. "ஆண்டவரே, அவரு செத்துட்டாரோ இருக்காரோ, எனக்குத் தெரியல. சில நேரம் இருக்காருன்னுதான் தோணுது" என்று ஞானவடிவு தேம்பினாள். பெர்சியாள் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். "போனவன் போயிட்டாம்ட்டி. மனசப் போட்டு ஒழப்பாத" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள். பெற்ற தாய்கூட அப்படித் துடைத்ததில்லை.

போடியிலிருந்து பொதிமாட்டில் அரிசி ஏற்றிவந்து காய் இறக்கிப் போகிறவன் சுருளி. ராசிங்காபுரத்துக்காரன். அவன் வீட்டில் ஞானஸ்நானம் வாங்கியவன் அவன் ஒருவன்தான். போடியில் சபையை நடத்துகிற உபதேசியார் அந்த வருஷம்தான் மாதத்துக்கு ஒருமுறை அவன் மாடுகளோடு மேலே வர ஆரம்பித்திருந்தார். காய் உலர்த்தும் கொட்டகையில் ஆராதனை நடக்கும். அடுத்த மலையில் மரம் அறுக்கிற நாலைந்து வேதக்காரர்களும் வந்து சேர்வார்கள்.

ஒரு நாள் சுருளி மாட்டைத் தட்டிக்கொடுத்தபடியே ஞானவடிவிடம் சொன்னான்: "எனக்குப் பாட்டு இன்னும் சரியா வரமாட்டேங்குது. வீட்டுல கூடப் பாட ஒரு ஆளு இருந்தா நல்லாருக்கும்." மனுசன் பெண் கேட்ட லட்சணம் அது! ஞானவடிவு சரியென்று சொல்லிவிட்டாள். கொழும்பிலிருந்து வந்த சேதியை உபதேசியாரிடம் சொன்னார்கள். அவரும் தலையாட்டினார்.

வேதக்காரர் கல்யாணம் என்றால் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாரை இன்னார் கட்டப்போகிறார், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஆராதனைகளில் சபைக்கு முன்னால் வாசிப்பார்கள். கீழே என்றால் மூன்று வாரத்தில் முடிகிற காரியம், இங்கே மூன்று மாதம் இழுத்தது. முதல் ஓலை அன்றைக்குப் பெர்சியாள்தான் எல்லாரையும்விட உரக்கப் பாடினாள். இரண்டாவது ஓலைக்கு அப்புறம் கல்யாண ரவிக்கைக்குத் துணி வாங்கித் தன் கையாலேயே தைக்க ஆரம்பித்தாள்.

அவள் தைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் சுருளி வாசலில் வந்து நின்றான்.

"அண்ணன் வீட்டுல ஒரு பக்கத்த நமக்கு ஒதுக்கித் தர்றேன்னுட்டாரு. கலியாணம் முடிஞ்ச கையோட வெரசா எறங்கிரலாம் ஞானவடிவு. இந்தக் குளிரும் அட்டையும் இனி உனக்கு வேணாம்."

பெர்சியாளின் ஊசி நின்றது. "நீ இங்கன வந்து இருப்பேன்னுல்லா நெனச்சேன்?" என்றாள்.

"இங்க எனக்கு என்னக்கா சோலி?" என்று சிரித்துவிட்டுப் போனான் அவன்.

ஞானவடிவுக்குத் தரையில் கால் பாவவில்லை. தனக்கென்று ஒரு வீடு, தன் அடுப்பு, விளக்கு வைத்ததும் கூட உட்கார்ந்து பாட ஒரு மனுசன். பெர்சியாள் அன்றைக்குத் தலைவலி என்று படுத்துவிட்டதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் ஓலைக்குச் சுருளியின் அண்ணன் ஜக்கையனும் பெண்ணைப் பார்த்துப்போக மலையேறி வந்திருந்தார். உபதேசியார் ஓலையை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வழக்கப்படி கேட்டுவிட்டு உட்காரப் போனார்.

"இருக்கு ஐயா" என்று பெர்சியாள் எழுந்தாள். "அவ புருசன் செத்தது நிச்சயமில்ல."

"உனக்கு எப்படியம்மா தெரியும்?"

"அவளே செபத்துல சொன்னா. என் காது கேக்கச் சொன்னா."

உபதேசியார் ஞானவடிவைப் பார்த்தார். இல்லையென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்துவிடும். முழங்காலில் நின்று ஆண்டவரிடம் சொன்னதை எப்படி இல்லையென்று சொல்வாள்?

"சொன்னேன் ஐயா."

கொழும்புக்கு எழுதி விசாரிப்போம், பதில் வரட்டும் என்று அவர் ஓலையை மடித்தார். ஜக்கையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "செத்தவன் பொண்டாட்டின்னுதான் சரின்னேன். இருக்கிறவன் பொண்டாட்டி நம்ம வீட்டுக்கு வேணாம். கெளம்புடா" என்றார். சுருளி அவளை ஒரு தடவை பார்த்தான். மாடுகளை ஓட்டிக்கொண்டு அண்ணன் பின்னாலேயே இறங்கிப் போனான்.

அறைக்கு வந்ததும் ஞானவடிவு கேட்டாள்: "ஏன்க்கா?"

"நீ பாவத்துல விழுந்துரக் கூடாதுன்னுதாம்ட்டி."

"அப்ப மொத ஓலைக்கு ஏன் எந்திரிக்கல? ரெண்டாவதுக்கு ஏன் எந்திரிக்கல? அப்பல்லாம் பாவம் இல்லியா?"

பெர்சியாள் சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். "நீ போயிட்டன்னா நான் யாருகூட முழங்கால் போடுவேன்? நீ வாரதுக்கு முந்தி எத்தன வருசம் ஒத்தையில கெடந்தேன் தெரியுமா? நாம பாடுற பாட்டே எனக்கு மறந்துபோச்சிட்டி."

அடிப்பாவி! ஆகாதவள் செய்திருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு ஆறியிருக்கலாம். இவள் பாசத்தில் அல்லவா கழுத்தை அறுத்திருக்கிறாள்! ஒரு கணம் அவள்மேல் இரக்கம்கூட வந்தது ஞானவடிவுக்கு. அப்படி வந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. துணிமணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு மருதாயியின் அறைக்குப் போனாள். என்ன ஏது என்று கேட்காமல் மருதாயி பாயை விரித்துப் போட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பெர்சியாள் மறித்தாள்.

"செபத்துக்காவது வருவியாட்டி? இந்த மலையில நாம ரெண்டு பேருதான இருக்கோம்."

"அப்படித்தான் நானும் நெனச்சேன்" என்றாள் ஞானவடிவு. விலகி நடந்தாள்.

தோட்டத்துக்குள் வெகுதூரம் போய், ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்ற இடத்தில் ஈரத்தரையில் முழங்கால் போட்டாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. சுருளி வாய் திறக்காமல் போனதைச் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து செத்துவிட்டான் என்றே பதில் வரட்டும் என்று மனசு கேட்பதையும் சொல்ல வேண்டும். அதை யாரிடம் சொல்ல முடியும், ஆண்டவரிடம் தவிர? கண்ணை மூடினாள், வாயைத் திறந்தாள். உடனே கண்ணைத் திறந்து, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.