கடிகாரத்துக்குக் கீழே ஒன்பது பேர்

என்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்று சொல்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். காலையில் மாடிப்படியில் பத்து நிமிஷம் நின்று பேசிய பக்கத்து வீட்டு அக்காவை மத்தியானம் காய்கறிக் கடையில் யாரோ போலப் பார்த்துவிட்டுப் போனால் வேறு என்ன சொல்வார்கள்? எனக்கு முகம் பதியாது. கண், மூக்கு, வாய் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். பார்வையை அந்தப் பக்கம் திருப்பினால் போதும், அத்தனையும் கலைந்துபோகும். மறுபடி பார்த்தால் புது ஆள்.

இதில் வேடிக்கை, நான் வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்த வேண்டும். ஒரு கண்ணுக்கும் இன்னொரு கண்ணுக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்க மட்டும் முன்னால் கூப்பிடுவார்கள். அறுபத்துமூன்று, அறுபத்தைந்து என்று அளவு நினைவில் நிற்கும். அளவுக்கு உரியவர் வேறு ஃபிரேமைப் போட்டுக்கொண்டு திரும்பினால், "உக்காருங்க, முன்னாடி ஒருத்தர் இருக்காங்க, முடிச்சிட்டு வந்துடறேன்" என்று அவரிடமே சொல்லிவிடுவேன்.

வேண்டியவர்களை வேறு வழியில் பிடித்து வைத்திருந்தேன். முதலாளியம்மாவுக்குச் செருப்புச் சத்தம். என் வீட்டுக்காரருக்கு இருமல். பதினைந்து வருஷமாக இருமுகிறார், டாக்டரிடம் போகச் சொல்லி நான் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. மகளுக்குப் பின்னல். அவளுக்குப் பதின்மூன்று வயது. இடுப்புக்குக் கீழே தொங்கும் ஒற்றைப் பின்னல் அவள் பள்ளியில் வேறு யாருக்கும் கிடையாது. ஐந்நூறு பிள்ளைகள் ஒரே சீருடையில் வெளியே வந்தாலும் எனக்குக் கவலையில்லை. அழகுக்காகத்தான் அதைக் கட்டிக் காக்கிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள், அவள் உட்பட.

போன வருஷம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போனில் வந்ததையெல்லாம் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் எழுதியது கண்ணில் பட்டது. தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரிக்கிறவராம். சூப்பர்மார்க்கெட்டில் வழியை அடைத்துக்கொண்டு நின்ற பெண்ணிடம், "கொஞ்சம் நகருங்க மேடம்" என்றாராம். நகர்ந்தது அவருடைய மனைவி. "ரெண்டு நாளா வீட்ல பேச்சு கிடையாது. எனக்கு முகம் பதியாதுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறா" என்று முடித்திருந்தார். குடித்த தண்ணீர் புரையேறச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. முப்பத்தொன்பது வயதுவரை, இந்த உலகத்தில் இப்படி இருப்பது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

அவரைப் பின்தொடர்ந்தேன். அவர் யாரையெல்லாம் பின்தொடர்கிறார் என்று பார்த்து அவர்களையும் பின்தொடர்ந்தேன். முகமறதி என்று அவர்கள் இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தால்தான் நோயாளி யாரென்று தெரிகிற பல் டாக்டர் ஒருவர் இருந்தார். பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்தால் தலைகால் புரியாமல் தவிக்கிற கணக்கு டீச்சர் ஒருவர். நான் ஒரு வரிகூட எழுதியதில்லை, படிப்பதோடு சரி. ஆனாலும் டாக்டருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது. டீச்சர் இரண்டு நாள் ஒன்றும் எழுதாவிட்டால் மனசு அடித்துக்கொள்ளும். கூடப் பிறந்தவர்களோடுகூட நான் இவ்வளவு ஒட்டுதலாக இருந்ததில்லை. போனில் யார் பேசினாலும் தலைக்கு மேல் பெயர் எழுதியிருக்கும் என்பதும் ஒரு காரணம். தெருவில் யாருக்கும் அப்படி எழுதி ஒட்டியிருப்பதில்லை.

இதற்கிடையில் மகளுக்கு நீச்சல் ஆசை வந்தது. இத்தனை முடியை வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்க முடியாது, வெட்டிக்கொள்கிறேன் என்றாள். நான் வீட்டை இரண்டாக்கினேன். "முடியில கத்தரி பட்டுச்சு, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காத" என்றேன்.

என் வயிற்றில் பிறந்தவள்தானே. ஒரு புதன்கிழமை, பள்ளி விட்டதும் சிநேகிதியோடு போய்க் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். தினமும் ஐந்தரைக்குக் கடைக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பாள், சேர்ந்து வீட்டுக்கு நடப்போம். அன்றும் திட்டு வாங்கத் தயாராக அங்கேயே நின்றிருக்கிறாள். நான் வெளியே வந்து பின்னலைத் தேடினேன். கழுத்துவரை முடி வைத்த ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவளை நேருக்கு நேர் பார்த்தேன். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் குரலை வைத்துப் பிடித்திருப்பேன். கால்மணி நேரம் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முன்னாலேயே போய்விட்டாள் போல என்று வீட்டுக்கு நடந்தேன்.

எனக்குப் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றாள்.

"நான் அங்கதான் நின்னேன். நீ என்னைப் பாத்த."

குரலைக் கேட்டதும்தான் நிறுத்தத்தில் நின்றவள் இவள் என்று தெரிந்தது. உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம்.

"அதான் சொன்னேன்ல, என் மூஞ்சியில முழிக்காதன்னு" என்றேன்.

கோபக்காரி என்ற பெயர் எனக்குப் பழகியது. பெற்ற பிள்ளையையே தெரியாதவள் என்ற பெயரைத் தாங்கும் தைரியம் இல்லை. அவள் உள்ளே போனாள். அதன்பிறகு எனக்குக் கிடைத்ததெல்லாம் "ம்", "சரி", "வேணாம்". நிறுத்தத்தில் காத்திருப்பதையும் விட்டுவிட்டாள். வீட்டில் எதிரே வந்தால் சுவரோரமாக ஒதுங்கிப் போவாள்.

ஆறாம் நாள், முதல்முறையாகப் போனில் எழுதினேன். நடந்ததை அப்படியே, நான் சொன்ன பொய்யையும் சேர்த்து. ஒரு மணி நேரத்தில் பதினாலு பதில்கள். பெற்றவளுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. "என் பையன் தொப்பி போட்ட அன்னைக்கு எனக்கும் இதே கதைதான்" என்றார் டீச்சர். தபால்காரர் மட்டும் நீளமாக எழுதினார்: "பொண்ணுகிட்ட சொல்லிடுங்கம்மா. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ரயில் நிலையத்துக் கடிகாரத்துக்குக் கீழ நாங்க எல்லாரும் முதல்தடவையா சந்திக்கிறோம். தனியா சொல்ல வாய் வரலன்னா அவளையும் கூட்டிட்டு வாங்க. நாங்க சொல்றோம்."

ஞாயிற்றுக்கிழமை, தெரிந்தவர்கள் சிலரைப் பார்க்கப் போகிறோம், கிளம்பு என்றேன்.

"எப்படித் தெரிஞ்சவங்க?"

"போன்ல."

"போன்ல பழகுனவங்கள நேர்ல பாக்கப் போனா காலை உடைப்பேன்னு என்கிட்ட சொன்ன" என்றாள். பதினோரு நாளில் அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். ஆனாலும் கிளம்பினாள், நான்கடி பின்னாலேயே வந்தாள்.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே கடிகாரத்துக்குக் கீழே போய் நின்றுவிட்டோம். ரயிலுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாக நல்ல கூட்டம். போனில், இந்தச் சந்திப்புக்காகத் தபால்காரர் தொடங்கிய குழுவில் செய்திகள் வர ஆரம்பித்தன. "வந்துட்டேன்" என்றார் தபால்காரர். "நானும்" என்றார் டீச்சர். "கடிகாரத்துக்கு நேர் கீழ நிக்கிறேன்" என்றார் டாக்டர். நானும் அங்கேதான் நிற்பதாக எழுதினேன். பத்தேகாலுக்கு "எல்லாரும் எங்க இருக்கீங்க?" என்று ஒருவர் கேட்க, "இங்கதான்" என்று எட்டுப் பதில்கள் வந்தன. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் பை என்மேல் இரண்டு தடவை இடித்தது. எரிச்சலோடு தள்ளி நின்றேன்.

எங்கள் ஆட்களின் புத்தி எனக்குத் தெரியாதா? யாராவது வந்து பேசினால் பேசுவோம். நாமாகப் போய்ப் பேசி ஆள் மாறிப்போன அவமானம் எல்லாருக்கும் போதும் போதும் என்றிருக்கிறது. சிவப்புத் துணி, நீலக் குடை என்று ஓர் அடையாளம் சொல்லிக்கொள்ள ஒருவருக்கும் தோன்றவில்லை. போனில் ஒன்பது பேரும் அக்கறையாக வைத்திருந்தது அவரவர் முகப் படத்தை.

"யாருக்காக நிக்கிறோம்?" என்றாள் மகள், கால் வலித்த கோபத்தில்.

போனை நீட்டினேன். படங்களைத் தள்ளிப் பார்த்தாள், தலையைத் தூக்கினாள்.

"இவரு அந்தத் தூண்கிட்ட நிக்கிறாரு. இவரு பெஞ்சுல. இது உன் பக்கத்துலயே நிக்கிற ஆன்ட்டி." இரண்டு தடவை இடித்த பைக்காரிதான் டீச்சர். "அரை மணி நேரமா ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே நிக்கிறீங்க. ஏம்மா யாரும் பேசல?"

பதினோரு நாளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த "அம்மா". அதைக் கேட்டபின் பொய் சொல்ல முடியவில்லை.

"எங்களுக்குத் தெரியாதும்மா."

"என்ன தெரியாது?"

"முகம். யாரோட முகமும் மனசுல நிக்காது. எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். இவங்களுக்கும் அப்படித்தான்."

அவள் போனை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய், ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

மாடியில் இருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். எல்லாருடைய காகிதக் கோப்பையிலும் பேனாவால் தபால், டீச்சர், டாக்டர் என்று அவளே எழுதி வைத்தாள். டாக்டர் அவளிடம், "எங்க, வாயத் திறந்து நல்லா சிரிம்மா. இனி ஜென்மத்துக்கும் உன்னை மறக்க மாட்டேன்" என்றார். தபால்காரர் சூப்பர்மார்க்கெட் கதையை முதலிலிருந்து சொன்னார்.

"உங்க வீட்டு ஆன்ட்டி மறுபடி பேசினாங்களா?" என்று கேட்டாள்.

"பேசாம? இப்பல்லாம் கடைக்குப் போனா, நான் தேட ஆரம்பிச்சதும் சிவப்புப் பைய உயரத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பா."

மகள் சிரித்தாள்.

திரும்பி நடக்கும்போது என் பக்கத்தில் வந்தாள்.

"அன்னைக்கு பஸ் ஸ்டாப்ல நீ என்னை நிஜமாவே பாத்தல்ல?"

"பாத்தேன்."

"என்ன நினைச்ச?"

"யாரு பெத்த பொண்ணோ, இந்த முடி இவளுக்கு எவ்வளவு நல்லா இருக்குன்னு நினைச்சேன்."

அவள் நின்றுவிட்டாள். கண் நிறைந்திருந்தது, உதடு சிரிக்கப் பார்த்தது.

"அப்ப ஏன் வெட்ட விடாம அவ்வளவு கத்துன?"

"பின்னல் இல்லன்னா உன்னைத் தொலைச்சிடுவேன்னு பயம்." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

மறுநாள் ஐந்தரைக்குக் கடையை விட்டு வெளியே வந்தேன். நிறுத்தத்தில் சீருடையோடு ஐந்தாறு பெண்கள், எல்லாருக்கும் கழுத்துவரை முடி. சாலையைக் கடந்துபோய் அவர்களுக்கு முன்னால் நின்றேன். அதில் ஒருத்தி கையைத் தூக்கியபடி முன்னால் வந்தாள்.

"அம்மா, நான்தான்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

"யாரு பெத்த பொண்ணும்மா நீ? முடி ரொம்ப நல்லா இருக்கே" என்றேன்.

சிநேகிதிகள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்கள். அவள் பள்ளிப் பையை என் தோளில் மாட்டிவிட்டு முன்னால் நடந்தாள்.