ஞாயிறு பற்றிய ஒரு மேற்கோள்

ஒரு மனுஷனின் முழு வாழ்க்கைக் கதையும் ஒரு டீ விலைக்குக் கிடைக்கும். ஓய்வு பெற்றவராக இருந்தால் டீயையும் அவரே வாங்கித் தந்துவிடுவார். இதழியல் பட்டப்படிப்பில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே எவர்சில்வர் இந்தச் சந்தை நிலவரத்தைத் தெரிந்துகொண்டாள்.

எவர்சில்வர் என்பது வகுப்பு வைத்த பெயர். அப்பாவுக்குப் பாத்திரக்கடை என்று அறிமுக நாளில் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அன்றோடு வீட்டில் வைத்த பெயர் விடுமுறைக்கு மட்டும் என்றாகிவிட்டது.

பேட்டி எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடையில் யாராவது விலையைக் குறைத்துக் கேட்டால் அப்பா பதிலே சொல்லமாட்டார். துணியை எடுத்துக் குடத்தைத் துடைக்க ஆரம்பிப்பார். அந்த மௌனத்தைத் தாங்கமுடியாமல் எதிராளியே கொஞ்சம் ஏற்றிச் சொல்வார். இவளும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். எதிரில் இருப்பவர் பேச ஆரம்பித்துவிடுவார், போலீஸ்காரராகவே இருந்தாலும்.

கஷ்டம் என்னவென்றால், விடுதியிலும் இதே கதைதான். அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து காதல் தோல்வி, அம்மாவின் ஆபரேஷன், அரியர் பேப்பர் எல்லாவற்றையும் கொட்டுவார்கள். கொட்டி முடித்ததும், "உங்கிட்ட பேசினா மனசு லேசாயிடுதுடி" என்று எழுந்து போய்விடுவார்கள். லேசான மனசோடு போகிறவர்கள் கொஞ்சம் வேகமாகத்தான் நடப்பார்கள். 'நீ எப்படி இருக்கே?' என்று திரும்பிக் கேட்க அவர்களுக்குத் தோன்றியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடுதி காலியாகிவிடும். பக்கத்து ஊர்க்காரர்கள் வீட்டுக்குப் போவார்கள், மற்றவர்கள் கும்பலாகக் கிளம்புவார்கள். எவர்சில்வர் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்புவாள். கண்டக்டர் வந்து "எங்கேம்மா போகணும்?" என்பார். அந்த வாரத்தில் அவளைப் பற்றி அவளிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி பெரும்பாலும் அதுதான்.

இரண்டாம் வருஷத்தில் ஆளுமைக் கட்டுரை வந்தது. இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவரை ஒருவர் பேட்டி கண்டு எழுதவேண்டும். மாணவர் பத்திரிகையில் அச்சாகும். நடத்துபவர் முட்டை சார். தகவலில் ஒரு பிழை இருந்தாலும் எழுதியவருக்கு முட்டை, அதாவது பூஜ்யம், மறுபடி ஃபீஸ் கட்டித் தாள் மொத்தமும் எழுதவேண்டும் என்பது அவர் சட்டம். அச்சான பிறகு பிழை தெரிந்தாலும் விடமாட்டார். திருத்தம் போட்டு, போட்ட மார்க்கைத் திரும்பப் பிடுங்குவார்.

சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு ஜோடியாக வந்தவன் மைக். டீக்கடையில் டீ சொல்வதைக்கூட நேரலை மாதிரி சொல்வான். யார் வந்தால் என்ன, பாடத்திட்டமே ஒருவனைக் கட்டாயப்படுத்தித் தன்னிடம் கேள்வி கேட்க வைக்கிறதே! எவர்சில்வர் இரண்டு ஞாயிறு பஸ்ஸில் பதில்களை மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். பஸ் விஷயத்தையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள்.

கேன்டீனில் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில், "உனக்கு எப்ப இந்த ஆங்கர் ஆசை வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். அவ்வளவுதான். அவன் பேசிப் பேசி, பதிவு செய்ய வைத்திருந்த போனில் சார்ஜே தீர்ந்துபோயிற்று. மேசை துடைப்பவர் இரண்டு தரம் வந்து முறைத்துவிட்டுப் போனார். "செம பேட்டிப்பா!" என்று எழுந்தவனுக்கு, தான் எதுவும் கேட்கவில்லை என்பது மறுநாள்தான் உறைத்தது.

"ஏய், தப்பா நினைக்காதே. உன்னைப் பத்தி நீயே எழுதிக் குடுத்துடேன். என் பேரைப் போட்டுக்கறேன்."

"சும்மாவா? ஒரு பாராவுக்கு ஒரு கேள்வி. கேட்டாத்தான் சரக்கு."

"அநியாயம் பண்றியே! சரி, பிடிச்ச கலர்?"

"இதுக்கெல்லாம் பாரா வராது. அடுத்தது."

"பிடிச்ச ஹீரோ? பிடிச்ச... இரு, இரு." அவன் பேனாவை மூடிவிட்டு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். "ஞாயித்துக்கிழமையெல்லாம் என்ன பண்ணுவே? உன்னை எங்கேயும் பார்த்ததே இல்லையே."

இதற்குத்தான் காத்திருந்தாள். பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்த நாக்கு கடையில் வளர்ந்தது. காலையிலிருந்து ஈ ஓட்டினாலும், பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து "வியாபாரம் எப்படி?" என்றால், "மூச்சு விட நேரமில்லை" என்றுதான் சொல்லவேண்டும், இல்லையென்றால் கடைத்தெருவில் மதிப்பு போய்விடும்.

"ஞாயித்துக்கிழமையா? மூச்சு விட நேரமில்லப்பா. ஃப்ரெண்ட்ஸ் விடமாட்டாங்க" என்றாள்.

அவன் எழுதிக்கொண்டான்.

அச்சுக்குப் போகுமுன் முட்டை சார் போனில் கூப்பிட்டு மேற்கோள்களைப் படித்துக் காட்டினார். அதுவும் அவர் சட்டம்.

"'ஞாயிற்றுக்கிழமை மூச்சுவிட நேரமில்லை, நண்பர்கள் விடமாட்டார்கள்.' இது நீ சொன்னதாம்மா?"

"நான் சொன்னதுதான் சார்."

சொன்னாளா என்றுதான் கேட்டார். உண்மையா என்று கேட்கவில்லை. 'சரி' என்று குறித்துக்கொண்டு அடுத்தவருக்குப் போன் போட்டார்.

பத்திரிகை வந்தது. மைக்கின் கட்டுரைக்குப் பத்துக்கு எட்டு. நடுவில் அந்த மேற்கோளைப் பெரிய எழுத்தில், கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். பக்கம் வடிவமைத்தவள் எவர்சில்வரின் அறைத்தோழி. அவளே சனிக்கிழமை மாலை கதவில் சாய்ந்து நின்றாள்.

"நாளைக்கு சினிமா போறோம்டி. ஒரு டிக்கெட் கூட இருக்கு. உன்னைத்தான் முதல்ல நினைச்சோம். ஆனா நீதான் ஞாயித்துக்கிழமை பெரிய புள்ளியாச்சே, நாள் குறிச்சுதான் பார்க்கணும் போல!"

எவர்சில்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"பார்க்கலாம்" என்றாள்.

அவள் வளர்ந்த இடத்தில் 'பார்க்கலாம்' என்றால் இன்னொரு முறை கேள் என்று அர்த்தம். எடுத்த எடுப்பில் சரி என்பவன் ஏமாளி. கேட்டவர் இரண்டு படி இறங்கி, நின்று, திரும்பி "சரி, கடைசியா சொல்லு" என்பார். அங்கேதான் வியாபாரமே ஆரம்பிக்கும்.

அறைத்தோழியின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். "பரவால்லடி, கஷ்டப்படாதே. கீழ் ரூம் பொண்ணைக் கேட்டுக்கறேன்" என்று போய்விட்டாள். எவர்சில்வர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செருப்புச் சத்தம் எந்தப் படியிலும் நிற்காமல் கீழே போயிற்று. எழுந்து கூப்பிட்டிருக்கலாம். விலை படியாமல் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட அவள் குடும்பத்தில் யாரும் பழகியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் சிரித்துக்கொண்டு கிளம்பிப் போன பிறகு, திருத்தம் போட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். ஒரு வரி போதும். அச்சில் வந்த பொய்யால் மூடிய கதவை அச்சில் வரும் உண்மைதான் திறக்கும். ஆனால் அந்த ஒரு வரிக்கு மைக்கின் எட்டு மார்க் பூஜ்யமாகிவிடுமே. அவனுக்குப் போன் செய்தாள்.

"அந்த ஞாயித்துக்கிழமை விஷயம் பொய். எனக்குப் போறதுக்கு ஒரு இடமும் இல்ல. திருத்தம் குடுக்கலாமான்னு..."

"அடிப்பாவி! முட்டை சார் என்னைத் தொலைச்சுடுவார். எங்க வீட்டுல திரும்ப ஃபீஸ் கட்டமாட்டாங்க. நிஜமாவே சொல்லப்போறியா?"

அவன் குரலில் நேரலை இல்லை. பயம் மட்டும் இருந்தது.

"இல்ல. சொல்லமாட்டேன். நீ பயப்படாதே."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் பெருமூச்சு விடுவது கேட்டது. பிறகு, "ஆமா, ஏன் பொய் சொன்னே?" என்றான்.

அவள் போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள். இந்தத் தடவை சுற்றி வளைக்கப்போவதில்லை. "ஏன்னா..."

"இரு இரு, இன்னொரு கால் வருது. அப்புறம் பேசறேன். தேங்க்ஸ்பா, நீ ரொம்ப நல்லவ." வைத்துவிட்டான்.

போன் சூடு ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தாள். விடுதியில் எங்கோ ஒரு குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. மாலைவரை அவன் கூப்பிடவில்லை.

அன்றைய கணக்கு இப்படி முடிந்தது: மைக்குக்கு வரவு, பத்துக்கு எட்டு. முட்டை சாருக்கு வரவு, பிழையில்லாத ஒரு பக்கம். கீழ் ரூம் பெண்ணுக்கு வரவு, ஒரு சினிமா. எவர்சில்வருக்கு வரவு, கேட்கப்பட்ட கேள்வி ஒன்று. பாக்கி, அதன் பதில்.