பட்டாணியின் நோட்டு

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? அதனால்தான் தற்காலிக வளர்ப்புக் குடும்பமாகப் பதிவு செய்துகொண்டோம். பெற்றவர்களிடம் பத்திரமாக இருக்க முடியாத குழந்தைகளைக் குழந்தை நல அலுவலகம் எங்களிடம் கொண்டுவந்து விடும். அந்த வீடு சரியானதும் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விடும். இதுவரை ஏழு குழந்தைகள் வந்து போயிருக்கிறார்கள். ஆறு பேருக்குக் கையசைத்துவிட்டு வந்து, அப்பாடா என்று காலை நீட்டிப் படுத்திருக்கிறேன். ஏழாவதாக வந்தவள்தான் பட்டாணி.

பட்டாணி என்பது என் கணவர் வைத்த பெயர். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வந்த அன்றைக்கே அவருடைய கருவிப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாள். மூன்றரை வயது, ஒரு கைப்பிடி உருவம், வாய் மட்டும் ஊருக்குப் பெரியது. அவளுடைய அம்மா ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் இரவு வேலை பார்த்தவள். துணைக்கு ஆள் கிடையாது. பிள்ளையைத் தூங்க வைத்து, வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, இரண்டு மாதம். கடைசியில் மேல் வீட்டுக்காரர்களுக்கு அழுகை கேட்டு, அவர்கள் தகவல் கொடுத்தார்கள்.

அந்தப் பெண்ணை எனக்குப் பார்க்காமலேயே பிடிக்கவில்லை. பத்து மாதத்தில் அவள் பகல் வேலைக்கு மாறினாள், பாலர் பள்ளிக்குப் பக்கத்தில் அறை எடுத்தாள், அலுவலகம் சொன்ன வகுப்புக்கெல்லாம் போனாள். ஒவ்வொரு செய்தியும் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்துகொண்டிருந்தது. நல்லது நடக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியவள் நான். சந்தோஷம் வரவில்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை எந்த வீட்டுக்குப் போனாலும் கூடவே ஒரு நோட்டும் போகும். எதைச் சாப்பிடும், எதற்குப் பயப்படும், எதைச் சொன்னால் அழுகையை நிறுத்தும் என்று வளர்த்தவர் அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். புது வீட்டில் பிள்ளை திக்குத் தெரியாமல் நிற்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. பட்டாணிக்கு நாற்பது பக்கம் எழுதினேன். நகம் வெட்டுவதற்கு முன் பொம்மைக்கு வெட்டுவது போல் பாசாங்கு செய்ய வேண்டும். பாலில் ஆடை மிதந்தால் வீடு இரண்டாகும். தலை துவட்டும்போது கண்ணை மூடினால் பிடிக்காது, துண்டுக்குள்ளே நம் முகம் தெரிய வேண்டும்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை. பட்டாணிக்குத் தூங்குவதற்கு நம் செருப்பு வேண்டும். வந்த முதல் வாரம் அவள் கண்ணை மூடவே இல்லை. எட்டாம் நாள் வாசலுக்குப் போய் என் செருப்பில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, மார்போடு அணைத்தபடி படுத்தாள். அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். ஏன் என்று காலையில் கேட்டேன்.

"செருப்பு இருந்தா நீங்க இருப்பீங்க பெரியம்மா," என்றாள். "எங்க அம்மா செருப்பு இல்லன்னா அம்மா இல்ல."

இதை எழுதினால் பெற்றவள் மனசு நோகுமே, அதனால்தான் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்டப்புளுகு. நாற்பது பக்கத்தையும் தூக்கிக் கொடுத்தாயிற்று, இந்த ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். பச்சையாகச் சொன்னால் அவ்வளவுதான்.

பட்டாணி போனாள். முதல் ஆறு வாரம் வெள்ளோட்டம். அதுவரை நான் கூப்பிடவும் கூடாது, பார்க்கவும் கூடாது. பாலர் பள்ளி விடும் நேரத்தில் அந்தத் தெருவழியாகக் காய் வாங்கப் போனேன். எங்கள் வீட்டுக்கும் அந்தத் தெருவுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு தரம் போய், இரண்டு தரமும் முனையிலேயே திரும்பிவிட்டேன்.

மூன்றாவது வாரம், நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்கே போன் வந்தது. காலையில் அங்கே டோக்கன் கொடுப்பது என் வேலை. அழுத முகங்கள் எனக்குப் பழக்கம். பேசியது குழந்தை நல அதிகாரி.

"பிள்ளை அஞ்சு நாளா சரியாவே தூங்கலைங்க. பகல்ல பாலர் பள்ளியில சொக்கிச் சொக்கி விழுறா. முதல்ல ஏதோ கொஞ்சம் தூங்கினா, இப்ப அதுவும் போச்சு. அவங்க அம்மா பக்கத்துலயே படுத்துப் பாக்கறாங்க, ஒண்ணும் நடக்கல. நோட்டுல எல்லாம் எழுதிட்டீங்கல்ல?"

"எழுதிட்டேன் மேடம்."

"அப்ப சரி. பிள்ளை எங்க இருக்கணும்னு முடிவு பண்ற குழு வெள்ளிக்கிழமை கூடுது. இப்படியே இருந்தா உங்ககிட்டயே திருப்பி அனுப்பற மாதிரிதான் இருக்கும். தயாரா இருங்க."

போனை வைத்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. துக்கத்தில் இல்லை. பதினான்காம் டோக்கனை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டேன். வலிக்கிற கன்னத்தைப் பிடித்தபடி இருவரும் சண்டைக்கு வந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் குட்டிக் கட்டிலை வெளியே இழுத்தேன். விரிப்பைத் துவைத்து, மாடியில் காயப்போட்டு எடுத்து வந்தேன். மடித்துக்கொண்டிருந்தபோது கணவர் வந்தார்.

"பட்டாணி வர்றா," என்றேன்.

"ஏன்?"

"தூக்கம் வரலியாம்."

"செருப்பு குடுக்கலியா?"

நான் விரிப்பை மடித்தேன்.

"நோட்டுல எழுதினே இல்ல?"

மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

"என் செருப்பைக்கூட ரெண்டு தடவை தூக்கிட்டுப் போயிருக்கா. அந்த நாத்தத்துல எப்படித்தான் தூங்கினாளோ," என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அஞ்சு நாளாவா தூங்கல?"

எனக்கு அதுவே போதும். காலையிலிருந்து வெள்ளிக்கிழமையையே எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, அந்த ஐந்து ராத்திரிகளை எண்ணவில்லை. ஐந்து ராத்திரியும் ஒரு நாலு வயதுக் குழந்தை கண் எரிய உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் இங்கே விரிப்பு துவைத்துக்கொண்டிருக்கிறேன். சீ என்று இருந்தது. அப்போதே அதிகாரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"பிள்ளைக்குச் சேர வேண்டியதை எடுத்து ஒளிச்சு வெச்சுக்கிட்டீங்க," என்றார் அதிகாரி. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "நாளைக்கு ஆபீசுக்கு வந்து அவங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

மறுநாள் அதிகாரியின் அறையில் அந்தப் பெண்ணை முதல் முறையாக எதிரே உட்கார்ந்து பார்த்தேன். சின்னப் பெண். சலவைச் சோடா தின்ற கைகள், விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. அவளும் தூங்கியிருக்கவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பட்டாணி சொன்ன வார்த்தையையும் அப்படியே சொன்னேன்.

"அப்பல்லாம் அவ நல்லாத் தூங்கினதுக்கப்புறம்தான் வேலைக்குக் கெளம்புவேன் அக்கா," என்றாள். "திரும்பி வரும்போதும் தூங்கிட்டுத்தான் இருப்பா. அழுதான்னு சொன்னாங்களே, அது ஏதோ ஒருநாள்தான்னு நெனச்சிட்டிருந்தேன்."

"தெனமும் முழிச்சிருக்கா போல இருக்கும்மா."

இதை இதமாகச் சொல்ல ஒரு வழி இருக்குமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். எதுவும் தோன்றவில்லை. அவள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள்.

"நீங்க எப்ப வேணா பாக்க வருவீங்க, வீடு சுத்தமா இருக்கணும்னு செருப்பை வெளியிலயே விட்டுட்டு வர்றேன் மேடம்," என்றாள் அதிகாரியிடம். "உள்ள கொண்டு வந்ததே இல்ல."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். எனக்கு எழுந்துபோய் அந்தப் பெண்ணின் தலையைத் தடவ வேண்டும் போல் இருந்தது. எந்த முகத்தோடு தடவுவது என்று உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை குழு கூடி முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் வந்தது. அதிகாரியின் அனுமதியோடு பட்டாணியின் அம்மாவே பேசினாள்.

"அக்கா, தூங்கிட்டா. ரெண்டு செருப்பையும் எடுத்துக்கிட்டா. காலையில நான்தான் எழுப்பினேன்." மூச்சு வாங்கியது. "குழு எங்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லிடுச்சுக்கா."

"நல்லதும்மா," என்றேன். அது நிஜம்தான். வீட்டில் விரித்து வைத்திருக்கும் கட்டிலை இன்றைக்கு மடிக்க வேண்டும்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. நோட்டுல எழுதாம விட்டது வேற ஏதாவது இருக்கா?"

இருந்தது. காய்ச்சலாகக் கிடந்த ஒரு மத்தியானம் பட்டாணி அரைக்கண் திறந்து என்னைப் பார்த்து, அம்மா என்றாள். நான் திருத்தவில்லை. ம் என்றேன். அவள் தூங்கிப்போனாள். ஒரே ஒரு தடவை, அவ்வளவுதான்.

இது பட்டாணியைப் பார்த்துக்கொள்ள அவளுக்கு எதற்காவது பயன்படுமா என்று நேர்மையாகவே யோசித்துப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு, தூக்கத்துக்கு, அழுகைக்கு, எதற்கும் வேண்டியிராது. எதிரே டோக்கனுக்கு வரிசை காத்திருந்தது.

"வேற ஒண்ணும் இல்லம்மா," என்றேன். "எல்லாம் உங்கிட்ட வந்துடுச்சு."