எழுபத்து நாலு கிலோ

அருவியைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. டிக்கெட் வாங்கி, இடுப்பில் பெல்ட் மாட்டி, ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் தொங்கியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அலறுவார்கள். அக்கரையில் இறங்கியதும் "சூப்பர்!" என்பார்கள். அவர்களைக் கம்பியில் அனுப்புவது என் வேலை. அக்கரையில் பிடித்து இறக்குவது என் மனைவியின் வேலை.

மனைவி என்று நான்தான் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். எட்டு மாதமாக அவள் அக்கரையில், தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். ஒன்றுமில்லாத சண்டை. வாய்க்கொழுப்பில், "உன் வழியப் பாத்துக்கிட்டுப் போ" என்றேன். போய்விட்டாள். அக்கரைக்குச் சாலை வழியாக ஒன்றரை மணி நேரம், கம்பியில் நாற்பது நொடி. நான் எதிலும் போகவில்லை. ரோஷமாம்!

வாக்கிடாக்கியில் மட்டும் பேச்சு. ஒவ்வொரு ஆளையும் அனுப்புமுன் எடையைச் சொல்ல வேண்டும். அதற்குத் தகுந்தபடி அவள் பிரேக்கை வைப்பாள்; கனத்த ஆளுக்கு இறுக்கமாக, இளைத்த ஆளுக்குத் தளர்வாக.

"அம்பத்தெட்டு."

"அனுப்புங்க."

அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே காய்ச்சலில்கூட லீவு போடாமல் வந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

அவளுக்கு வேறு ஊரில், ஒரு படகுத்துறையில் வேலை கிடைத்துவிட்டது, நாளைக் காலை கிளம்புகிறாள் என்று டிக்கெட் கொடுப்பவர் ஒருநாள் மதியம் போகிற போக்கில் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை.

மாலையில் கடைசி ஆள் போனபின், எங்களில் ஒருவர் கம்பியைச் சோதிக்க அக்கரை போக வேண்டும். எட்டு மாதமாக என் முறையை யார் தலையிலாவது கட்டிவந்தேன். அன்று நானே பெல்ட்டை மாட்டிக்கொண்டேன்.

"எழுபத்தி நாலு" என்றேன்.

அது யாருடைய எடை என்று அவளுக்குத் தெரியும்.

"அனுப்புங்க."

ஊழியர்கள் எடை பார்ப்பதில்லை, வாயால் சொல்வதுதான். நான் சொன்னது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட காலத்து எடை. கரைக்கு முப்பது அடி இருக்கும்போதே பிரேக் என்னை நிறுத்திவிட்டது. பின்னால் வழுக்கி, ஆற்றுக்கு நேர் மேலே தொங்கினேன். சாரலில் சட்டை நனைந்தது. பிழைப்பு தரும் அருவியை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். பார்த்து என்ன, என் கண் அவள் மேல்தான் இருந்தது.

"எத்தன கிலோ சொன்னீங்க?" என்று கத்தினாள்.

"எழுபத்தி நாலு!"

"பொய்!"

கயிற்றை வீசினாள். இரண்டாவது முறை பிடித்தேன். இழுத்துக் கரையில் சேர்த்தவள், என் பெல்ட்டைப் பிடித்தபடியே நின்றாள். அது கடைசித் துளையில் மாட்டியிருந்தது.

"அறுபதுகூட இருக்க மாட்டீங்க" என்றாள்.

"தனியா சாப்பிடப் பிடிக்கல. தப்பு என்னோடதுதான். போகாத."

"போன்னு சொல்ல ஒரு நிமிஷம் ஆகல. இதச் சொல்ல எட்டு மாசமா?"

என் பெல்ட்டைக் கம்பியிலிருந்து கழற்றிவிட்டாள்.

"வர்றேன்னு அங்க வாக்குக் குடுத்தாச்சு. நான் போகத்தான் போறேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேணும்னா இந்தத் தடவ நீங்க என்கூட வாங்க."

"பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டேன்.