அப்பா கேட்ட பெரியவர்

அந்தப் பாடகர்கள் இருவருக்கும் பெயர் ஒன்றுதான், முன்னெழுத்து மட்டும் வேறு. முதலில் பாட வந்தவரை எல்லாரும் பெரியவர் என்றார்கள். பின்னால் வந்தவர் சின்னவர். இதில் பச்சைக் குழந்தைகூடக் குழம்பாது. என் அப்பா குழம்பினார்.

குழம்பினார் என்று சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். அப்பா தையல்காரர். ஆளைப் பார்த்ததுமே நெஞ்சளவு சொல்லிவிடுவார். பெரியவரோ ஒல்லிப்பிச்சான், சின்னவர் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆகிருதி. அப்பா கேசட் அட்டைகளை நீட்டி, "சட்டைக்கு இவ்ளோ துணி பிடிக்கிற ஆளு சின்னவரா? எந்த மடையன் வச்ச பேரு?" என்பார். ஆக, அவர் வாயில் தடித்தவர்தான் பெரியவர், ஒல்லியானவர் சின்னவர். உலகத்துக்கு நேர் எதிர்.

அவருக்குப் பிடித்தது தடித்தவர் பாட்டு. அம்மாவுக்கு ஒல்லிக்காரர் என்றால் உயிர். கடையில் அப்பா துணி வெட்டுவார், பக்கத்தில் அம்மா பட்டனுக்குக் காஜா எடுப்பாள், நடுவில் டேப் ரெக்கார்டர். "பெரியவரைப் போடு" என்று அப்பா சொன்னால், நானோ தம்பியோ யோசிக்காமல் சின்னவரைப் போடுவோம். கை தானாக அங்கே போகும்.

"ஊரே ஒண்ணு சொன்னா இவரு ஒண்ணு சொல்வாரு" என்று அம்மா சிரிப்பாள்.

"ஊருக்கு அளவெடுக்கத் தெரியுமா?"

அம்மா போன வருஷம் இறக்கும்வரை இந்த வழக்கு தீரவில்லை. அப்பா ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அதில் எரிச்சல் உண்டு. விளையாட்டுக்காவது ஒரு நாள் அவளிடம் தோற்றிருக்கலாம், குடியா முழுகிவிடும்?

இப்போது அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். மூளையில் ரத்தக் கட்டு. வலது கை விழுந்துவிட்டது. பேச்சில் ஒன்றிரண்டு சொல்தான் மிச்சம். அன்று காலை ஆபரேஷன். பிழைப்பாரா என்று கேட்டேன். "பாப்போம்மா" என்றார் டாக்டர், என் முகத்தைப் பார்க்காமல். வெளியூரிலிருந்த தம்பி இன்னும் வந்து சேரவில்லை.

தியேட்டருக்குக் கூட்டிப்போகக் காத்திருந்தபோது அப்பா என் கையைத் தொட்டார்.

"பெரியவர்."

"பாட்டாப்பா?"

தலையசைத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. செய்வதற்கு ஏதோ ஒன்று கிடைத்ததே. போனில் சின்னவர் பாட்டைப் போட்டேன், அவருக்கு மிகவும் பிடித்ததையே தேடி.

அப்பா கண்ணை மூடி, இது இல்லை என்று தலையை ஆட்டினார். வேறொன்று போட்டேன். "பெரியவர்" என்றார் மறுபடியும், பல்லைக் கடித்துக்கொண்டு. மூன்றாவதற்கு இடது கையால் போனைத் தள்ளியே விட்டார்.

"என்னப்பா, படுத்துறீங்களே!" என்று எரிந்து விழுந்தேன். அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். இதுவே அவரிடம் நான் பேசும் கடைசிப் பேச்சாகிவிட்டால்? கேட்ட ஒரு பாட்டைக்கூடக் கொடுக்கத் தெரியாமல் உள்ளே அனுப்பப் போகிறேனா?

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஆள் வந்துவிட்டார். அப்பா அவசரமாக இடது கையைத் தூக்கினார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிப் பிடித்துக் காட்டினார். குறுகிய தோளுக்கு அளவு சொல்லும்போது அப்படித்தான் காட்டுவார்.

"ஒல்லி" என்றார். பிறகு வெகு சிரமப்பட்டு, "அம்மா... பெரியவர்."

அவர் மாற்றிச் சொல்லவில்லை. ஊர் சொல்கிற பெரியவரை, அம்மாவின் பெரியவரை, அம்மா சொன்னபடியே கேட்டிருக்கிறார். நான்தான் வழக்கம்போல் அவரைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

காஜா எடுக்கும்போது அம்மா முணுமுணுக்கிற பாட்டைப் போட்டேன். அப்பாவின் முகம் தளர்ந்தது. கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது, துடைத்துவிட்டேன். ஸ்ட்ரெச்சர்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "பாட்டு முடியட்டும்ணே" என்று நர்ஸ் அவரை நிறுத்தினாள்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "இதை அம்மா இருக்கும்போதே அவங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

அப்பா என்னையே பார்த்தார்.

"சொல்றேன்" என்றார்.

அவர் தியேட்டரிலிருந்து உயிரோடு வரவில்லை.

தம்பி சாயங்காலம் வந்தான். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் வராந்தாவிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்தான். "கடைசியா ஏதாச்சும் கேட்டாராக்கா?" என்றான்.

"பாட்டு கேட்டார். பெரியவர் வேணும்னார்."

"சின்னவரைப் போட்டியா?"

"இல்லடா" என்றேன். "பெரியவரையேதான் கேட்டார்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு பெட்டியின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.