இடுப்பு உயரத்தில் ஒரு கோடு

பிரவீனா கொடுத்த மூன்று நோட்டுகளில் சிவப்பு அட்டை போட்டதன் பதினேழாம் பக்கத்து ஓரத்தில், பென்சிலால் ஒரு கேள்வி இருந்தது. ‘கீழே நன்றாக இருக்கிறது. மேலேயும் நன்றாக இருக்கிறது. நடுவில் மட்டும் ஏன்?’ பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதன்மேலேயே இரண்டு மூன்று தடவை அழுத்தி எழுதியதில் தாள் கிழியப் பார்த்தது. பதில் மட்டும் எங்கேயும் இல்லை.

சத்யராஜ் அந்தச் சுவரை நேரில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். சந்து முனையில் இருக்கும் சின்ன மணற்கல் கோயில் அது. பேருந்தில் வருகிற கூட்டம் அந்தப் பக்கம் வராது. தரையிலிருந்து உச்சி வரை முழுக்க மணற்கல். முழங்கால் உயரம் வரைக்கும் சிங்கத்தின் நகம்கூட எண்ணும்படி இருக்கிறது. மார்புக்கு மேலே போனால் சிலைகளின் தலைமுடிச் சுருள் தெரிகிறது. இடையில், சரியாக இடுப்பு உயரத்தில், கோயிலைச் சுற்றி ஒரு பட்டை மாதிரி கல் உதிர்ந்து கிடக்கிறது. விரலால் தொட்டால் பழைய வெல்லம்போலப் பொடிகிறது. அந்த வரிசைச் சிங்கங்கள் ஒன்றுக்கும் முகம் இல்லை.

இந்தச் சின்ன விஷயம் அவனைப் பாடாய்ப் படுத்தியதற்குக் காரணம் இருந்தது. பதினெட்டு வருஷமாக அவன் ஐயம்பேட்டையில் ஒரு சாயப் பட்டறையில் வேலை. இரண்டு வருஷமாக உள்ளங்கைத் தோல் வெடித்து வெடித்து நீர் வடிகிறது. கையுறை மாட்டிக்கொண்டு கொதிக்கிற சாயத்தில் பட்டுநூலைத் திருப்ப முடியாது. “ஆறு மாசத்துக்குள்ள வேற வேலை பாருங்க, சாயத்துல இனிமே கை வைக்கக் கூடாது” என்று டாக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அப்போதுதான் ஒரு அறக்கட்டளை கோயில் வழிகாட்டிகளுக்குப் பயிற்சி நடத்துவது தெரியவந்தது. கலை வரலாறு, நிலவியல், சுற்றுச்சூழல் என்று மூன்று பாடம். கடைசியில் ஏதாவது ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். வருஷத்துக்கு ஒரு தேர்வு, நாற்பது வயது தாண்டினால் சேர்க்க மாட்டார்கள். சத்யராஜுக்கு முப்பத்தொன்பது முடிய இரண்டு மாதம் இருந்தது.

பிரவீனா செவிலிமேட்டில் அவன் தெருவுக்கு அடுத்த தெரு. போன வருஷம் தேறி இப்போது வழிகாட்டியாகப் போய்க்கொண்டிருக்கிறாள். கேட்காமலே நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். சிவப்பு கலை வரலாறு, பச்சை நிலவியல், நீலம் சுற்றுச்சூழல். எழுத்து முத்து முத்தாக இருக்கும், படம் போட்டு அம்புக்குறி இட்டிருப்பாள்.

“முதல் தடவ நான் பெயிலானது அந்தச் சுவத்தாலதாண்ணா” என்றாள். “பரீட்சை வைக்கற சந்தியா மேடம் என்னைக் கொண்டுபோய் அங்க நிறுத்துனாங்க. மழையில கரைஞ்சதுன்னு சொன்னேன். ‘மழை இடுப்புலதான் பெய்யுமாம்மா?’ன்னு ஒரே கேள்வி, முடிஞ்சிடுச்சி. அடுத்த வருஷம் நல்லகாலம், வேற சுவரு.”

“அப்புறம் பதிலு இன்னான்னு அவங்களாண்ட கேக்கலையா?”

“கேட்டேன். கண்டுபுடிச்சிக்கினு வா, டீ வாங்கித் தரேன்னாங்க.”

சத்யராஜும் யோசித்துப் பார்த்தான். மழை என்றால் மேலேதான் முதலில் கரைய வேண்டும். ஜனங்கள் கை பட்டுத் தேய்ந்ததா என்றால், ஒருத்தரும் போகாத பின்பக்கத்துச் சுவரிலும் அதே பட்டை இருந்தது. பட்டறையில் அவனுக்கு எதிரில் நின்று வேலை பார்க்கும் குப்புசாமியிடம் கேட்டான்.

“ஆடு நக்கியிருக்கும்பா” என்றான் குப்புசாமி. “ஆட்டுக்கு அதுதான் சரியான உசரம்.”

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது சத்யராஜ் பதினெட்டு வருஷத்தில் செய்யாத ஒரு தப்பைச் செய்தான்.

சாயம் போடுவதில் சூட்சுமம் எல்லாம் திருப்புவதில்தான் இருக்கிறது. வெள்ளைப் பட்டுநூலை வளையமாகச் சுற்றி, சிட்டம் சிட்டமாக மரக்கழியில் மாட்டி, அண்டாவின் விளிம்பில் குறுக்கே வைப்பார்கள். சிட்டத்தின் கீழ்ப்பாதி சாயத்தில் மூழ்கியிருக்கும், மேல்பாதி வெளியே இருக்கும். அண்டாவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று சிட்டத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மேலிருந்தது கீழே போகும், கீழிருந்தது மேலே வரும். நிறுத்தினால் நிறம் ஒரே சீராக ஏறாது. இது பட்டறையில் கால் வைத்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம்.

அன்று அரக்கு நிறம். அடுப்பை அணைத்துவிட்டுக் குப்புசாமி நூல் மூட்டை இறக்கப் போனான். போகும்போது, “அந்தக் கடைசி வெள்ளச் சிட்டத்துக்குச் சாயம் பத்தாது, எடுத்துக் கொடியில போட்டுடுபா” என்று சொல்லிவிட்டுத்தான் போனான். சத்யராஜ் தலையை ஆட்டினான். கையில் பச்சை நோட்டு இருந்தது. நிலத்தடி நீர் மட்டம் மழைக்காலத்தில் எவ்வளவு ஏறும், சித்திரையில் எவ்வளவு இறங்கும் என்று பிரவீனா கிணறு ஒன்றைக் குறுக்கே வெட்டினாற்போல் படம் போட்டிருந்தாள். அந்தப் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது.

பட்டறை முதலாளி கலியன் போட்ட சத்தத்தில் நிமிர்ந்தான்.

“இன்னா சத்யராஜு இது? சேலைக்கு நடுவுல ரோடு போட்டு வச்சிகிற!”

சிட்டத்தின் நுனி மட்டும்தான் அண்டாவின் மிச்சச் சாயத்தில் தொட்டுக்கொண்டிருந்தது. ஆனால் நிறம் அதற்கு மேலே ஒரு முழம் ஏறியிருந்தது. அடியில் சுமாரான அரக்கு. உச்சியில் வெள்ளை. இரண்டும் சேருகிற இடத்தில் மட்டும் விரல் பருமனுக்கு ஒரு கோடு, கிட்டத்தட்ட கறுப்பாக, மொறமொறவென்று காய்ந்திருந்தது.

குப்புசாமி எட்டிப் பார்த்தான். “வாத்தியாரு படிச்சிக்கினு இருந்தாரு போல.”

“மன்னிச்சிக்குங்கண்ணா” என்று கலியனிடம் சொன்னான் சத்யராஜ். கண் அந்தக் கோட்டை விட்டு நகரவில்லை. “குப்பு, சாயம் அண்டாவுல இருக்குது. நூலு அடியில மட்டுந்தான் நனைஞ்சிது. அப்போ அடிதான கறுப்பாவணும்? மேல எதுக்குக் கறுப்பாச்சி?”

“இது தெரியாதா உனக்கு? அடியில இருக்கற நூலு குடிச்சிக்கினே இருக்குது, ஈரம் போறதில்ல. மேல போன தண்ணிதான் காத்துல காயுது. தண்ணி மட்டுந்தான் பறக்கும், சாயம் பறக்குமா? காயற எடத்துலயே தங்கிடும். அடியிலருந்து தண்ணி வந்துக்கினே இருக்கும், சாயமும் அங்கயே சேந்துக்கினே…”

சத்யராஜ் நோட்டை மூடினான். முகம் போன போக்கைப் பார்த்துக் கலியனே கொஞ்சம் பயந்துபோனார்.

“இன்னாபா, மயக்கம் கியக்கம் வருதா?”

“இல்லண்ணா. அந்தச் சுவரு. அந்தச் சுவரும் சிட்டம்தாண்ணா.”

கலியன் அவனையும் சிட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு சிட்டத்தைக் கழியோடு தூக்கிக் குப்புசாமியிடம் கொடுத்தார். “இத கருநீலத்துல போட்டுடு, கோடு மறைஞ்சிடும்.” சத்யராஜ் பக்கம் திரும்பி, “நீ போ. போய் உன் சுவத்தப் பாத்துட்டு வா. இங்க இருந்தா இன்னொண்ணையும் கெடுத்துடுவ” என்றார். பதினெட்டு வருஷத்தில் ஒரு சிட்டத்துக்காக அவர் எத்தனை பேரை வைது துரத்தியிருக்கிறார் என்பது சத்யராஜுக்குத் தெரியும். வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனான்.

உச்சி வெயிலில் கோயிலில் யாரும் இல்லை. இடுப்பு உயரத்துப் பட்டையில் கல் இடுக்கில் மாவு போல ஏதோ வெள்ளையாகப் பூத்திருந்தது. இத்தனை நாள் அதைப் பழைய சுண்ணாம்பு என்று நினைத்திருந்தான். விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

முழங்கால் உயரத்தில் கையை வைத்துப் பார்த்தான். கல் சில்லென்று இருந்தது. மார்பு உயரத்தில் சுட்டது.

அங்கேயே நிழலில் உட்கார்ந்து மூன்று நோட்டையும் பிரித்துப் பரப்பினான். ‘மணற்கல் என்பது மணல் ஒட்டிக்கொண்டு ஆனது. நுண்ணிய துளைகள் உண்டு’ என்றது சிவப்பு நோட்டு. ‘நிலத்தடி நீரில் உப்பு கரைந்திருக்கும்’ என்றது பச்சை. நீல நோட்டில் நகரத்துத் தரை பற்றி இரண்டு வரி இருந்தது: ‘மண்தரை மூச்சு விடும். சிமெண்ட் போட்டு மூடினால் ஈரம் வேறு வழி தேடும்.’ சத்யராஜ் குனிந்து தரையைப் பார்த்தான். பிராகாரம் முழுக்கச் சிமெண்ட். சுவரோடு ஒட்டிப் பூசியிருந்தார்கள்.

மூன்று நோட்டிலும் ஒவ்வொரு துண்டு இருந்தது. நான்காவது துண்டு சாய அண்டாவில் இருந்தது.

பிரவீனாவுக்குப் போன் போட்டான்.

“கூட்டத்தோட இருக்கேண்ணா, சீக்கிரம் சொல்லுங்க.”

சொன்னான். குப்புசாமி சொன்ன ஆட்டையும் விடவில்லை. மறுபக்கம் யாரோ இந்தியில் ஏதோ கேட்பது மட்டும் தூரத்தில் கேட்டது.

“பிரவீனா? கேக்குதாம்மா?”

“ஆட்டுக்குக் கூடத் தெரிஞ்சிருக்குமேண்ணா, உப்புன்னு” என்றாள் கடைசியில். “ரெண்டு வருஷமா அந்தக் கேள்விக்குறியத் தூக்கிக்கினு திரியறேன். டீ எனக்கும் பாதி.”

பரீட்சையன்று சந்தியா மேடம் அவனை நேராக அந்தச் சுவருக்குத்தான் அழைத்துப்போனார். இருபத்தெட்டுப் பேரில் அவன் பத்தொன்பதாவது ஆள். அவனுக்கு முன்னால் அந்தச் சுவருக்குப் போன மூன்று பேர் மழையைச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

“சொல்லுங்க. நடுவுல மட்டும் ஏன்?”

சத்யராஜ் வெடித்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். “மேடம், நான் சாயப் பட்டறைக்காரன். முதல்ல ஒரு சிட்டத்தப் பத்திச் சொல்லலாமா?”

“தாராளமா.”

அண்டாவிலிருந்து ஆரம்பித்தான். சொல்லச் சொல்ல பயம் போய்விட்டது. உப்பு ஏன் கல்லை உடைக்கிறது என்று அவர் இடைமறித்துக் கேட்டபோது, கோபுரத்து இடுக்கில் முளைத்த அரசங்கன்றைக் காட்டினான். வேர் பருக்கப் பருக்கக் கல் விலகுகிற மாதிரி, துளைக்குள் காய்ந்த உப்பு வளர வளர மணலும் மணலும் பிரிந்து உதிர்கிறது. சந்தியா மேடம் சுவரில் கையை வைத்தார், முதலில் முழங்கால் உயரத்தில், பிறகு மார்பு உயரத்தில். பிறகு ஒரு விரலை இடுப்பு உயரத்தில் தேய்த்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நாக்கில் வைத்துக்கொண்டார்.

“சரி, என்ன செய்யலாம்?”

அதையும் சொன்னான். அவர் தன் தாளில் நிறைய எழுதினார். “டீக் கடை எந்தப் பக்கம்?” என்று கேட்டபோதுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

பட்டியலில் அவன் பெயர் ஐந்தாவதாக இருந்தது. கலியன் ஒரு பெட்டி இனிப்பு வாங்கிவந்து பட்டறை முழுக்கக் கொடுத்தார். சத்யராஜின் கழியைக் குப்புசாமி கழுவி, துணியில் சுற்றி, “வச்சிக்கோ, கூட்டம் சேந்தா காட்டு. சும்மா கையால காட்டுனா எவனுக்கும் புரியாது” என்று அவன் வண்டியில் கட்டிவிட்டான்.

நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பிரவீனா வாங்கிக்கொள்ளவில்லை. “மாகறல்லருந்து அபிநயான்னு ஒரு பொண்ணு அடுத்த வருஷம் எழுதறா. அவளாண்ட கொடுத்துடுங்கண்ணா. எனக்கும் ஒருத்தர் கொடுத்ததுதான்.” அப்போதுதான் அவன் கவனித்தான், சிவப்பு நோட்டின் முதல் பத்துப் பக்கம் வேறு யாருடைய கையெழுத்தோ. யாரென்று அவளுக்கும் தெரியாது.

அன்று மாலை சத்யராஜ் பதினேழாம் பக்கத்தை எடுத்தான். கேள்விக்குறியை அழிக்கவில்லை. அதன் கீழே இருந்த இடத்தில், பேனாவால், தன்னால் முடிந்த அளவு முத்தாக எழுதினான்:

‘மண்ணின் ஈரம் மணற்கல்லின் துளை வழியே மேலே ஏறுகிறது. முழங்கால் வரை எப்போதும் ஈரம், அதனால் உப்பு தண்ணீரிலேயே கரைந்திருக்கிறது, கல்லுக்குக் கேடில்லை. மார்புக்கு மேலே ஈரமே போவதில்லை. இடுப்பு உயரத்தில் தண்ணீர் காய்கிறது, உப்பு துளைக்குள் தங்கி வளர்ந்து கல்லை உடைக்கிறது. சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குச் சிமெண்ட் தரையை எடுத்துவிட்டுச் சரளைக்கல் கொட்ட வேண்டும். ஈரம் அந்த வழியாகக் காயும், சுவரில் ஏறுவது குறையும். உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசக் கூடாது, சுண்ணாம்புச் சாந்துதான் பூச வேண்டும்.’